‘சொல்ல விரும்பவில்லை’

அமெரிக்காவில் அரசு ஒப்பந்தம் எடுத்திருக்கும் நிறுவனத்துக்கு இணையத்தில் வேலை விண்ணப்பம் போடுகிறவர், சுயவிவரத்தை ஏற்றி, பழைய வேலைகளின் பட்டியலையும் நிரப்பி அப்பாடா என்று நிமிரும்போது இன்னொரு பக்கம் வந்து நிற்கும். சிசி-305 என்பது அதன் எண். பக்கத்தின் நடுவே நோய்களும் குறைபாடுகளுமாக நீண்ட பட்டியல். அதையொட்டி மூன்று கட்டங்கள். ‘ஆம், எனக்குக் குறைபாடு உண்டு, அல்லது முன்பு இருந்தது.’ ‘இல்லை.’ ‘பதில் சொல்ல விரும்பவில்லை.’ நிரப்புவதற்கு ஐந்து நிமிடம் ஆகும் என்று படிவமே சொல்கிறது. என்ன குறைபாடு என்று அது கேட்பதில்லை. மருத்துவச் சான்றும் கேட்பதில்லை. நிறுவனம் தன் விருப்பத்துக்கு அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற முடியாது.

இவ்வளவு எளிய ஒரு பக்கத்தை உருவாக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. காரணம், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு சட்டங்கள்.

1973-ம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் மூத்தது. அரசு ஒப்பந்ததாரர்கள் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கவும் பதவி உயர்த்தவும் தாங்களாக முனைய வேண்டும் என்கிறது அதன் 503-ம் பிரிவு. முனைந்தார்களா என்று பார்க்க எண்ணிக்கை வேண்டும்; எண்ணுவதற்குக் கேட்க வேண்டும். ஆனால் 1990 ஜூலை 26 அன்று ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், வேலை உறுதியாவதற்கு முன்பு விண்ணப்பதாரரிடம் உடல்நலம் பற்றிய இத்தகைய கேள்வி எதையும் கேட்கக் கூடாது என்றது. வலிப்பு வந்ததுண்டா, மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா என்ற கேள்விகள் விண்ணப்பத்தில் இருந்தால், ‘ஆம்’ என்று எழுதியவர் எதனால் கழிக்கப்பட்டார் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் அந்தத் தடைக்கான நியாயம். வேலையில் சேர்ந்த பின் தெரியவரும் மருத்துவ விவரத்தையும் பணிப் பதிவேட்டோடு சேர்க்காமல் தனிக் கோப்பில் பூட்டி வைக்கச் சொன்னது அதே சட்டம். கேட்காதே என்று இது சொல்ல, கேட்காமல் தீராது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்தது தொழிலாளர் துறையில் ஒப்பந்ததாரர்களைக் கண்காணிக்கும் அலுவலகம். 2013-ல் வெளியிட்டு 2014 மார்ச் 24 முதல் அமலுக்குக் கொண்டுவந்த விதியில், விண்ணப்பிக்கும்போது ஒருமுறை, வேலை உறுதியானதும் இன்னொருமுறை, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லா ஊழியர்களிடமும் என்று மூன்று தருணங்களில் கேட்கச் சொன்னது. பாகுபாட்டைத் தடுக்கும் நோக்கத்தோடு, சட்டப்படியான கடமைக்காக, விருப்பத்தின் பேரில் கேட்பது 1990 சட்டத்தை மீறுவதாகாது என்று சம வேலைவாய்ப்பு ஆணையமும் வழிவிட்டது. கட்டுமான ஒப்பந்ததாரர்களின் சங்கம் ஒன்று இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2014-லேயே கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் தோற்றது.

அந்த விதி ஓர் இலக்கையும் வைத்தது: ஒவ்வொரு பணிப்பிரிவிலும் மாற்றுத்திறனாளிகள் ஏழு சதவீதம். ஒதுக்கீடு அல்ல, எட்டாவிட்டால் அது மட்டுமே குற்றமும் அல்ல. இந்த ஏழு எப்படி வந்தது என்பது கொஞ்சம் வேடிக்கையானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் சமூகக் கணக்கெடுப்பில் ஆறு கேள்விகள் உண்டு: காது கேட்பதில் சிரமமா, பார்ப்பதில், நினைவில் வைப்பதில், நடப்பதில், தன்னைத்தானே பார்த்துக்கொள்வதில், வெளியே தனியாகப் போய்வருவதில் சிரமமா என்று. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றவர்கள் தொழிலாளர் படையில் 5.7 சதவீதம். பாகுபாட்டால் மனம் சோர்ந்து வேலை தேடுவதையே விட்டவர்களுக்காக 1.7 சேர்த்தார்கள். 7.4 வந்தது, வெட்டி ஏழாக்கினார்கள்.

படிவத்தின் அளவுகோலோ முற்றிலும் வேறு. அது பின்பற்றுவது 2008-ல் அகலப்படுத்தப்பட்ட சட்ட வரையறையை. நீரிழிவு, மனச்சோர்வு, ஒற்றைத் தலைவலி, குடல் நோய்கள், எப்போதோ வந்து குணமான புற்றுநோய் எல்லாம் அதில் அடங்கும். பட்டியல் 2020-லும் 2023-லும் இன்னும் நீண்டது. சின்னப் படியால் அளந்து இலக்கு வைத்துவிட்டு, பெரிய மரக்காலை நீட்டி நிரப்பச் சொன்னால் வழிந்தோட வேண்டும் அல்லவா? வழியவில்லை. அமெரிக்காவில் பட்டம் பெற்று அலுவலக வேலை செய்கிறவர்களில் 30 சதவீதம் பேருக்கு அந்தச் சட்ட வரையறைப்படி குறைபாடு உண்டு என்று 2017-ல் திறன் புத்தாக்க மையம் என்ற ஆய்வமைப்பு கண்டது. அவர்களில் மேலாளரிடம் சொன்னவர்கள் 39 சதவீதம். உடன் வேலை செய்கிறவர்களிடம் சொன்னவர்கள் 24. மனிதவளத் துறையிடம் 21. வாடிக்கையாளர்களிடம் 4.

இந்த வரிசை கவனிக்கத்தக்கது. ரகசியம் காப்பதாக எழுத்தில் உறுதி தரும் துறையைவிட, அப்படி எந்த உறுதியும் தராத மேலாளரிடம்தான் அதிகம் பேர் வாய் திறக்கிறார்கள். மேலாளருக்கு முகம் இருக்கிறது. விடுப்பு தருவதும் வேலை நேரத்தை மாற்றுவதும் அவர் கையில் இருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாற்றுத்திறனாளிகளிடமே கேட்டபோதும் இதே கதைதான் வந்தது. சொல்வதற்கு முதன்மையான காரணம், வேலை செய்ய ஏதோ ஒரு வசதி தேவைப்படுவது. சொல்லாமல் இருப்பதற்கு முதன்மையான காரணம், வேலை போய்விடும் அல்லது கிடைக்காது என்ற அச்சம். இரண்டையும் பத்தில் ஏழு பேர் மிக முக்கியமான காரணம் என்றார்கள்.

அந்த அச்சம் வீண் கற்பனையா?

ரட்கர்ஸ், சிரக்யூஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க ஒரு வழி கண்டார்கள். கணக்காளர் வேலை விளம்பரங்களுக்கு, இல்லாத ஆட்களின் பெயரில் 6,016 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் ஒரு குறையும் இல்லாத விண்ணப்பங்கள். சிலவற்றின் முகப்புக் கடிதத்தில் மட்டும், முதுகுத்தண்டில் காயம்பட்டவர் என்றோ ஆஸ்பெர்கர் நிலை கொண்டவர் என்றோ ஒரு குறிப்பு. இரண்டில் எதுவும் பேரேடு எழுதும் வேலைக்குத் தடையாகாது. ஆனால் குறிப்பு இருந்த விண்ணப்பங்களுக்கு முதலாளிகள் காட்டிய ஆர்வம் 26 சதவீதம் குறைந்தது. அனுபவம் கூடிய விண்ணப்பதாரர்களிடம் இடைவெளி மேலும் பெரிதாக இருந்தது என்பதுதான் இன்னும் உறுத்துவது. திறமையை நிரூபித்தால் குறை மறைந்துவிடும் என்ற ஆறுதலுக்கு அங்கே இடமில்லை. இன்னொரு பக்கம், இந்த ஒதுக்கல் பெரும்பாலும் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனங்களில்தான் குவிந்திருந்தது. 1990 சட்டம் எட்டாத இடம் அது. சட்டம் உள்ள இடத்தில் கை கொஞ்சம் கட்டுப்படுகிறது.

ஆகவே மூன்றாவது கட்டத்தில் குறியிடுகிறவரைக் கோழை என்பதற்கில்லை. அவர் கணக்குப் போட்டிருக்கிறார். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-ல் வெளியிட்ட நூலில் இரண்டு வகை மனிதர்களைப் பிரித்துக் காட்டினார்: குறை வெளியே தெரிவதால் ஏற்கனவே மதிப்பிழந்தவர்கள், தெரிந்தால் மதிப்பிழக்கக் கூடியவர்கள். முதல் வகையினரின் பாடு, எதிரே இருப்பவரின் சங்கடத்தைச் சமாளிப்பது. இரண்டாம் வகையினரின் பாடு, யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்று நாள்தோறும் கணக்கிடுவது. சிசி-305 விதிகளிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவரோ கை இழந்தவரோ படிவத்தை நிரப்பாமல் விட்டாலும், கண்ணுக்குத் தெரிவதால் நிறுவனம் அவரைக் கணக்கில் சேர்க்கலாம். ஆளைப் பார்த்து, இவருக்கு ஏதோ இருக்கும் போலிருக்கிறதே என்று ஊகிக்க மட்டும் கூடாது. அப்படியானால் அந்தப் பக்கம் உண்மையில் யாருக்காக? மறைக்க முடிந்தவர்களுக்காக.

அந்த மறைக்க முடிந்தவர் துணிந்து ‘ஆம்’ என்று குறியிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய். காலையில் நன்றாக இருப்பார், பிற்பகல் மூன்று மணிக்குக் கை மரத்துப்போகும். குறியிட்ட மறுநாள் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. அந்தக் குறி புள்ளிவிவரக் கோப்பு ஒன்றில் போய் உட்காரும். அவருடைய மேலாளர் அதைப் பார்க்க மாட்டார், பார்க்கவும் கூடாது. வேலை நேரம் காலைக்கு மாற வேண்டுமென்றால், பேசினால் தட்டச்சு செய்யும் மென்பொருள் வேண்டுமென்றால், அவர் மறுபடி ஒருமுறை, இம்முறை பெயரோடும் விவரத்தோடும், இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. சாதாரணப் பேச்சில், உடல்நிலை காரணமாக இன்னது வேண்டும் என்று தெரிவித்தாலே போதும். ஆனால் தெரிவிக்காத குறைபாட்டுக்கு வசதி செய்து தரவில்லை என்று நிறுவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆக, ‘தெரிவித்தல்’ என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவது இரண்டு வெவ்வேறு காரியங்கள். ஒன்று நிறுவனத்துக்கு எண் கொடுக்கிறது, மற்றது ஊழியருக்கு நாற்காலி கொடுக்கிறது. படிவத்தை நிரப்பியவர், நான்தான் சொல்லிவிட்டேனே என்று காத்திருக்கிறார். மேலாளர், ஒன்றும் சொல்லவில்லையே என்று இருக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. 2014-ல் வந்த முதல் படிவம் இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் உணர்ந்திருந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கவோ வேலையைச் செய்யவோ ஏதாவது வசதி தேவையானால் எங்களிடம் சொல்லுங்கள் என்று இரண்டாம் பக்கத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. 2020-ல் படிவத்தை ஒரே பக்கமாகச் சுருக்கியபோது வெட்டுப்பட்டது அந்த அறிவிப்புதான். எண்ணுகிறவர்களின் வேலை எளிதானது. கேட்கப்படுகிறவருக்குப் பயன்படக்கூடிய ஒரே பத்தி போய்விட்டது. இந்தப் படிவத்தின் வரலாற்றில் மிக மோசமான திருத்தம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் கேட்கப்படும் வசதிகள் பெரும்பாலும் மலிவானவை. இதற்காகவே 1983 முதல் ஆலோசனை தந்துவரும் பணி வசதி வலையமைப்பு முதலாளிகளிடம் திரட்டிய அண்மை ஆண்டுகளின் விவரப்படி, வசதிகளில் பாதிக்கு மேல் ஒரு காசும் செலவில்லாதவை. செலவு வைத்தவற்றிலும் ஒருமுறைச் செலவின் இடைநிலை அளவு 300 டாலர்.

எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு நிறுவனங்கள் பாடுபடாமல் இல்லை. மூத்த அதிகாரிகள் தங்களுக்கு இருக்கும் காது மந்தத்தையோ மனச்சோர்வையோ பற்றிப் பேசும் காணொளிகள், ‘நீங்களும் சொல்லுங்கள்’ வாரங்கள், உள்ளக இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டம் என்று பல வழிகள். மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்களில் 6.1 சதவீதம் பேர் தங்களுக்குக் குறைபாடு உண்டெனத் தெரிவித்திருப்பதாக 2020-ல் ஆண்டறிக்கையிலேயே வெளியிட்டது. இப்படி ஓர் எண் ஏறும்போது புதிதாக ஆள் எடுத்தார்கள் என்று பொருளில்லை. ஏற்கனவே உள்ளே இருந்தவர்கள் கட்டம் மாறியிருக்கலாம்.

எண் மட்டும் எதையும் காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்க அரசுப் பணியே சாட்சி. ஐந்தாண்டுகளில் ஒரு லட்சம் மாற்றுத்திறனாளிகளை அரசு வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஒபாமா 2010-ல் ஆணையிட்டார். ஒப்பந்ததாரர்களின் படிவத்தைப் போலன்றி, அரசு ஊழியருக்கான எஸ்எஃப்-256 படிவம் என்ன குறைபாடு என்பதையும் கேட்கும். 2011 முதல் 2017 வரை ஏறத்தாழ 1,43,600 பேர் எடுக்கப்பட்டார்கள் என்று அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2020-ல் கணக்கிட்டது. இலக்கைத் தாண்டிய சாதனைதான். அதே அறிக்கையின் அடுத்த கணக்கில், வந்தவர்களில் 39 சதவீதம் பேர் ஓராண்டுகூட நிற்கவில்லை, 60 சதவீதம் பேர் இரண்டாண்டுக்குள் போய்விட்டார்கள்.

கேட்காமலே எண்ணினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் காட்டியது. அங்கே ஒதுக்கீடு கட்டாயம். எட்டாத தனியார் நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும். கண்டிப்பாக வசூலித்துவந்த மத்திய அரசு, தன் சொந்த அலுவலகங்களில் கணக்கைத் திரித்து வைத்திருந்தது 2018-ல் அம்பலமானது. 28 அரசு அமைப்புகளில் 3,700 பேர் தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்றது விசாரணைக் குழு. கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிறவர்களை, கண்ணாடி இல்லாத பார்வையை வைத்துச் சேர்த்திருந்தார்கள். ஓய்வுபெற்றவர்களும் இறந்துபோனவர்களும்கூடப் பட்டியலில் இருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் பலருக்குத் தாங்கள் மாற்றுத்திறனாளிகளாக எண்ணப்பட்டதே தெரியாது.

அமெரிக்காவிலோ இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. ஏழு சதவீத இலக்கையும், ஊழியர்களிடம் கேட்கும் கடமையையும் ஒருசேர நீக்கும் முன்மொழிவைத் தொழிலாளர் துறை 2025 ஜூலை 1 அன்று வெளியிட்டது. வேலைக்கு முன் கேட்பது 1990 சட்டத்துக்கு முரணானது என்பது அது சொல்லும் காரணங்களில் ஒன்று. அதாவது பழைய முடிச்சை மறுபடி போடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்போர் 2024-ல் 22.7 சதவீதம் மட்டுமே என்ற அரசின் சொந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் கேள்வி வேறு இடத்தில் தொடங்குகிறது. இங்கே தன் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, சான்றிதழுக்குத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆனால் அரசு வேலையின் நான்கு சதவீத ஒதுக்கீட்டுக்கு மருத்துவக் குழு குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று எழுதித் தர வேண்டும். ஒதுக்கீடு கேட்கிறவர் விண்ணப்பத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். சதவீதம் எட்டாதவர், பட்டியலில் வராதவர், தனியார் வேலையில் இருப்பவர் ஆகியோருக்குத்தான் சொல்வதா வேண்டாமா என்ற தவிப்பு. தனியார் அலுவலகத்தில் விஷயம் முதலில் தெரியவருவது பெரும்பாலும் மேலாளருக்கோ மனிதவளத் துறைக்கோ அல்ல, சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு. பழைய வருமான வரி முறையில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவு 75,000 ரூபாய், கடுமையான குறைபாட்டுக்கு 1,25,000 ரூபாய். பார்வை, செவி, கை கால் குறைபாடு உள்ளவர்களுக்குப் போக்குவரத்துப் படிக்கு வரிவிலக்கு. கேட்டால் வரி மிச்சம், ரகசியம் செலவு.

சொல்லாமலே வெளிப்பட்ட வழக்கு ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தின் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஒருவருக்கு நிறப் பார்வைக் குறைபாடு இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது, வேலை மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம், இரு நீதிபதிகள் அமர்வு கழகத்தின் பக்கம். 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அவரைப் பணியில் அமர்த்தச் சொன்னது. நிறக்குருடு சட்டத்தின் 21 வகைகளில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, அவருக்கேற்ற நியாயமான வசதி செய்து தருவது சாத்தியமா என்று நிர்வாகம் ஏன் யோசிக்கவில்லை என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

தனியார் நிறுவனங்களும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கின்றன. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம், 2022-23 நிதியாண்டு முதல் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபிக்குக் கட்டாயமாகத் தரும் பொறுப்பு அறிக்கையில், மாற்றுத்திறனாளி ஊழியர்கள் எத்தனை பேர் என்று ஆண், பெண் வாரியாக ஓர் அட்டவணை நிரப்ப வேண்டும். எப்படிக் கேட்டு எண்ணுவது என்பதற்குச் சிசி-305 போல் பொதுவான படிவம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மனிதவளத் துறையும் தானே ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறது. கிடைக்கும் பதிலைத் தனியே பூட்டி வைக்கும் கடமையும் தெளிவாக இல்லை. உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்களை 2011-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் நுண்ணுணர்வுத் தகவல் என்று தனியாக வகைப்படுத்தியிருந்தன. 2023-ம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு தனி வகையே கிடையாது. வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காக ஊழியரின் தகவலை அவருடைய தனிச் சம்மதம் இல்லாமலே முதலாளி கையாளலாம் என்று அதன் 7-ம் பிரிவு இடம் தருகிறது.